படிக்கு இரண்டு பக்கமும் கம்பி

போன வாரம் திங்கட்கிழமை காலை, துறை அறைக்குள் நுழைந்ததும் அந்த வாடைதான் முதலில் வந்தது. மை காயாத பிளக்ஸ் பேனர். சுருட்டி என் நாற்காலியிலேயே சாய்த்து வைத்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தேன். 'மாபெரும் இலவச இயன்முறை மருத்துவ முகாம்' என்று பெரிய எழுத்து. தாளாளர் படம், முதல்வர் படம், சிறப்பு விருந்தினர் படம். மூலையில் எந்த நாட்டுக்காரர் என்றே தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஊன்றுகோலோடு சிரித்துக்கொண்டிருந்தார். முகாம் நடக்கப்போகிற தெருவின் பெயர் மட்டும் கீழே, கயிறு கட்டும் ஓட்டைக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில்.

உனக்கு அந்த வாடையே ஆகாது. 'பினாயிலக் கூட மோந்துருவேன்டி, இது கொமட்டுது' என்பாய். நீ இருந்திருந்தால் ஒரு படம் பிடித்து அனுப்பியிருப்பேன். பதிலுக்கு ஒரு கெட்ட வார்த்தை வந்திருக்கும். அதோடு எனக்கு மனசு ஆறி வகுப்புக்குப் போயிருப்பேன். அன்றிலிருந்து எதுவுமே ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நமக்கும் இப்படி ஒரு பேனர் இருந்தது. நாம் இறுதி வருடம் படித்துக்கொண்டிருந்தோம். பிசியோதெரபி படிக்கிற பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்தால் போதாது, மக்களிடம் போய்ச் சேவை செய்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று செல்லூருக்கு அனுப்பினார்கள். முதல் நாள் தெருமுனையில் பேனரைக் கட்டி, அதன் முன்னால் வெள்ளைக் கோட்டோடு நம்மை நிறுத்திப் படம் எடுத்தார்கள். பிறகு ஆளுக்கு ஒரு கட்டு துண்டுப் பிரசுரத்தைக் கையில் கொடுத்து, வீடு வீடாகப் போகச் சொல்லிவிட்டுப் பேராசிரியர்கள் காரில் ஏறிவிட்டார்கள்.

தறி ஓடுகிற தெரு. பக்கத்தில் நிற்கிறவளிடமே கத்தித்தான் பேச வேண்டும். நாற்காலியில் முதுகை நிமிர்த்தி எப்படி உட்காருவது என்று பிரசுரத்தில் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். நாம் எட்டிப் பார்த்த தறிக்கூடம் எதிலும் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. எல்லோரும் நின்றபடிதான் வேலை பார்த்தார்கள். நீ ஒரு பிரசுரத்தைப் படித்துவிட்டு, அதை மடித்து விசிறிக்கொண்டாய்.

முத்துப்பேச்சி அக்காவின் வீடு அப்படி ஒரு தறிக்கூடத்துக்கு மேலே இருந்தது. அக்காவும் அவர் கணவர் பாண்டி அண்ணனும் கீழே அதே கூடத்தில் தறி ஓட்டியவர்கள். நாற்பதைத் தாண்டியதுமே அக்காவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிவந்து மாடியில் படுக்க வைத்ததோடு சரி, அதற்குப் பிறகு அக்கா தெருவைப் பார்க்கவில்லை. நாம் போனபோது சுவரைப் பிடித்து அறைக்குள் நாலு எட்டு வைப்பார். அவ்வளவுதான்.

புத்தகத்தில் இருந்தபடி நான் அக்காவின் கையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த நீ, 'அக்கா, ஒங்களுக்கு என்ன செய்யணும்னு தோணுது?' என்று கேட்டாய். கை வர வேண்டும் என்பார், மறுபடி தறி ஓட்ட வேண்டும் என்பார் என்றுதான் நான் நினைத்தேன். அக்கா பாண்டி அண்ணனைப் பார்த்தார். அவர் என்னவோ புரிந்துகொண்டு எழுந்து வெளியே போனார்.

'கை வராட்டியும் போவுதும்மா. கக்கூசுக்கு நானா போயிட்டு வந்துட்டாப் போதும்' என்றார் அக்கா.

கழிப்பறை கீழே, தறிக்கூடத்துக்குப் பின்னால் இருந்தது. அக்காவுக்கு மாடியில் ஒரு வாளி. காலையிலும் சாயங்காலமும் பாண்டி அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். 'அந்த மனுசன் ஒரு வார்த்தை மொகம் சுளிச்சதில்ல. அதான் எனக்குத் தாங்கல' என்றார் அக்கா. நீ எழுந்து போய்ப் படிக்கட்டைப் பார்த்தாய்.

குறுகலான சிமெண்டுப் படி. ஏறும்போது வலது பக்கம் வழுவழுவென்று சுவர், இடது பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. அக்காவுக்குப் பிடிக்க இருப்பது இடது கை மட்டும். இறங்கும்போது இடது பக்கம் சுவர் வரும், ஏறும்போது இடது பக்கம் அந்தக் காற்று வரும். ஆக, சுவர்ப்பக்கம் ஒரு கம்பி, திறந்த பக்கம் ஒரு கம்பி. இரண்டும் இருந்தால் அக்காவை இறக்கி ஏற்றிவிடலாம். படியில் நின்றபடியே இதை நீ எனக்குச் செய்து காட்டினாய், வலது கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஏறியும் இறங்கியும். கீழே தறி ஓட்டியவர்கள் உன்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

நீ துறைத்தலைவரிடம் போய்க் கேட்டாய். 'நம்ம வேலை எக்சர்சைஸ் சொல்லிக்குடுக்கிறது. கொத்தனார் வேலை பாக்குறது இல்ல' என்றார் அவர். அக்காவுக்கு நின்று பழகவே இன்னும் சில வாரங்கள் தேவைப்பட்ட நேரத்தில் செல்லூர் முடிந்தது, வேறு பகுதிக்குப் போங்கள் என்றும் சொல்லிவிட்டார்கள். நான் உன் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தேன். இல்லையென்றால் அன்றைக்கே ஏதாவது சொல்லியிருப்பாய்.

அப்படித்தான் நம் ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பித்தன. விடுதியில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறுவோம். நான் அக்காவை நிற்க வைப்பேன், உட்கார வைப்பேன், மறுபடி நிற்க வைப்பேன். நீ கீழே போய் வீட்டுக்காரரோடு மல்லுக்கு நிற்பாய்.

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் சுவர் என்றால் அவருக்கு உயிர். 'சொவத்துல ஓட்டை போட்டா மழைத் தண்ணி எறங்கும்மா. இன்னைக்குக் கம்பி கேப்பீக, நாளைக்கு லிப்ட்டு கேப்பீக.' நீ கெஞ்சினாய், விளக்கினாய், படம் வரைந்தும் காட்டினாய். ஒரு வாரம் இறங்கிவந்து, 'சரி, ஒரு பக்கம் மட்டும் போட்டுக்கங்க. ஒண்ணு போதாதா?' என்றார்.

'எறங்குறதுக்குத்தான் ஒண்ணு. எறங்குன அக்கா கீழயே குடியிருக்கவா?' என்று கேட்டாய். வந்த சம்மதமும் போய்விட்டது. திரும்பும்போது பேருந்தில் நான் உன்னோடு பேசவில்லை.

கடைசியில் அதை முடித்துவைத்தது நீயும் இல்லை, நானும் இல்லை. வீட்டுக்காரரின் மனைவி. அவர்கள் வீட்டு அடுப்படிக் கதவு அந்தப் படிக்கட்டுக்கு நேர் எதிரே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தபோது அந்தம்மா கரண்டியோடு வெளியே வந்தார். 'தெனமும் நான் சோத்துல கை வைக்கிற நேரத்துக்குத்தான் அந்த வாளி இந்தப் பக்கமா வருது. ரெண்டு கம்பி என்ன, நாலு கம்பியக் கூடப் போட்டுத் தொலைங்க. ஓட்டைய நான் பூசிக்கிறேன்' என்று கணவரைப் பார்த்துக் கத்தினார். 

உனக்கு அன்று வந்த ஆத்திரம் இருக்கிறதே! நினைத்தது நடந்துவிட்டது, ஆனாலும் நீ பொருமிக்கொண்டே வந்தாய். 'அக்காவுக்காக ஒருத்தரும் மனசு எறங்கலடி. இந்தம்மா சோத்துக்காகத்தான் எறங்குனாங்க' என்றாய். பிறகு நீயே சிரித்துவிட்டாய். தறிக்கு வேண்டிய இரும்பு வேலை செய்யும் பட்டறையில் பாண்டி அண்ணன் சொல்லிவைத்து, அங்கே கிடந்த பழைய குழாய்களை வெட்டிப் பற்றவைத்து வாங்கிவந்தார். அடுத்த வாரம் இரண்டு பக்கமும் கம்பி நின்றது.

அக்கா இறங்கிய அன்றைய காலை எனக்குக் கண்ணுக்குள் அப்படியே நிற்கிறது. அக்காவின் இடுப்பில் பாண்டி அண்ணனின் துண்டைக் கட்டி, அதைப் பின்னாலிருந்து நீ பிடித்துக்கொண்டாய். நான் முன்னால், அக்காவைப் பார்த்தபடி பின்புறமாக ஒவ்வொரு படியாக இறங்கினேன். 'நோவுக்காலு மொதல்ல, நோவுக்காலு மொதல்ல' என்று நீ சொல்லிக்கொண்டே வந்தாய். பாதியில் அக்காவின் முழங்கால் ஆட ஆரம்பித்தது. நான் பயந்துபோய்த் திரும்பிவிடலாமா என்று கண்ணால் கேட்டேன். அக்கா அதைப் பார்த்துவிட்டார். 'ஏம்மா, முன்னாடி நிக்கிறவ மொகத்த இப்படி வச்சிருந்தா நான் எப்படி எறங்குறது?' என்றார்.

கீழே போய், கழிப்பறைக்குள் நுழைந்து, அக்கா கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. நாம் மூவரும் வெளியே நின்றோம். வெகுநேரமாகியும் அக்கா வரவில்லை. உள்ளே சத்தமே இல்லை. பாண்டி அண்ணனுக்கு முகம் வெளிறிவிட்டது. 'பேச்சி, ஏய் பேச்சி' என்று கதவைத் தட்டினார்.

உள்ளேயிருந்து அக்கா அதட்டினார். 'சும்மா இருங்கய்யா! கதவச் சாத்திட்டு ஒத்தையா உக்காந்து எம்புட்டு நாளாச்சு!'

பாண்டி அண்ணன் அந்தச் சுவரில் சாய்ந்து அழுதார். நீ கம்பியைப் பிடித்து ஆட்டி, பற்றவைத்தது சரியாக இருக்கிறதா என்று ஏதோ பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டாய்.

அது அதோடு நின்றிருக்கலாம். அக்கா இறங்குவதைத் தறிக்கூடத்தில் யாரோ வீடியோ எடுத்துப் போட, அது சுற்றிச் சுற்றிக் கல்லூரிக்கு வந்துவிட்டது. 'யாரக் கேட்டுப் போனீங்க? விழுந்திருந்தா யாரு பொறுப்பு?' என்று துறைத்தலைவர் நம்மை நிற்க வைத்துக் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். என் மாணவி ஒருத்தி சொல்லாமல் போய் அப்படிச் செய்தால் எனக்கும் பதறும். ஆனால் கல்லூரிக்கு ஆய்வுக் குழு வரும் சமயத்தில், அதே துறைத்தலைவர் ஒரு வேன் நிறைய ஆட்களோடு செல்லூருக்குப் போனாரே, அதற்கு நியாயம் எங்கே தேடுவது? நம் இருவரையும் கோட்டுப் போட்டு வரச் சொன்னார்கள். நாம் மனசு கொள்ளாத சந்தோஷத்தோடு போனோம், புத்தி வந்துவிட்டது போலிருக்கிறது என்று.

போய்ப் பார்த்தால் படிக்கட்டின் திறந்த பக்கக் கம்பியில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பேனரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அக்காவை இறங்கிவரச் சொன்னார்கள். வெளிச்சம் சரியில்லை என்று மறுபடி ஏறச் சொன்னார்கள். அக்காவுக்கு மூச்சு வாங்கியது. பேனருக்கு மேலே பிடிக்க இடம் கிடைக்காமல் அவர் கை துழாவியதை நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய். எல்லோரும் நின்றுகொண்டிருக்கும்போதே போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டாய். பேனர் சரிந்து தறிக்கூடத்து வாசலில் விழுந்தது.

'அக்காவுக்குக் கை வைக்க எடம் வேணும் சார்' என்றாய். குரலை உயர்த்தவில்லை.

அந்த ஒரு வரிக்கு உன் பயிற்சிச் சான்றிதழைப் பல மாதம் இழுத்தடித்தார்கள். நான் சான்றிதழை வாங்கி மேற்படிப்புக்குப் போனபோது நீ இன்னும் அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தாய். கல்லூரியின் அந்த வருட மலரில் அக்கா படியிறங்கும் படம் முழுப் பக்கத்துக்கு வந்தது. அதில் நீ இல்லை.

அப்புறம் நான் வாத்தியாராகிவிட்டேன். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரி, மாதச் சம்பளம், குளிர்சாதனம் ஓடும் துறை அறை. நீ பழங்காநத்தத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் சேர்ந்து, ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாய். வாரம் ஒருமுறை பேசுவோம். பேச்சு முழுக்க நீ யாரோடாவது சண்டை போட்ட கதையாகத்தான் இருக்கும். 'ஏன்டா இம்புட்டு லேட்டாக் கூட்டிட்டு வந்தன்னு கிழிச்சு விட்டேன்டி' என்பாய். பக்கவாதம் வந்தவரை ஜோசியரிடம் கூட்டிப்போய்விட்டு வந்த மகனை, காய்ச்சலுக்குக் கடையில் மாத்திரை வாங்கித் தின்று படுத்துக்கிடந்த அப்பாவை, எல்லோரையும் கிழித்தாய்.

போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நீ கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாய். போனில் குரல் கம்மியிருந்தபோது கேட்டேன். 'லேசா ஒடம்பு வலிடி, ஒரு பேசண்டு இன்னைக்குத்தான் நிக்கப் போறாரு, போயிட்டு வாரேன்' என்றாய். காய்ச்சல் விட்டுவிட்டது என்று அடுத்த நாள் செய்தி அனுப்பினாய். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நாள்தான் ஆபத்தான நாள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நீ. உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, அங்கே இருந்த டாக்டர் உன் அண்ணனைப் பார்த்துக் கேட்டாராம், 'ஏன் இவ்வளவு லேட்டாக் கூட்டிட்டு வந்தீங்க?'

உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தை யாரிடம் போய்ச் சொல்வது? செத்துப்போனவளைத் திட்டக் கூடாது என்று அம்மா சொல்கிறாள். நான் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். பல் தேய்க்கும்போது, பேருந்துக்கு நிற்கும்போது.

அக்காவிடம் நான்தான் போய்ச் சொன்னேன்.  'காச்சல்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எறங்கி வந்திருப்பேனே' என்றார். அக்கா இப்போது இரண்டு தெரு தள்ளிக் கடைக்குப் போய்வருகிறார். நிஜமாகவே வந்திருப்பார்.

சரி, முகாமுக்கு வருகிறேன். போன வாரம் புதன்கிழமை நடந்தது. பழங்காநத்தத்தில் ஒரு தெரு, நீ ஸ்கூட்டரில் சுற்றிய தெருக்களில் ஒன்றாகத்தான் இருக்கும். பந்தல், நாற்காலிகள், குத்துவிளக்கு. சிறப்பு விருந்தினர் வரத் தாமதம், அதுவரை வந்த கிழவர்களும் கிழவிகளும் வெயிலில் காத்துக்கிடந்தார்கள். விளக்கேற்றியதும் மாணவர்கள் ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்து இரத்த அழுத்தம் பார்த்தார்கள், முழங்காலை மடக்கி நீட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு மேசைக்கும் இடம், நேரம் எல்லாம் பதிகிற கேமராவில் படம் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் ஆய்வுக் குழு ஏற்காதாம்.

திவ்யா என்று எனக்கு ஒரு மாணவி. அவள் மேசைக்கு ஆட்டோ ஓட்டி ஓய்ந்த ஒரு பெரியவர் வந்தார். அழுத்தம் பார்த்துவிட்டு, 'அய்யா, ஒங்களுக்குப் பிரஷர் ரொம்பக் கூட இருக்கு' என்றாள்.

'போன மாசம் ஒரு காலேஜு வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஒண்ணு வந்துச்சு. அவங்களும் கூடன்னுதான் சொன்னாங்க' என்றார் அவர். 'எம்புட்டுத் தடவதான் கூடன்னு சொல்லுவீங்க? நான் என்ன பண்ணணும், அதச் சொல்லுங்க.'

திவ்யா என்னைப் பார்த்தாள். நான் அவரிடம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், மாத்திரை இலவசமாகக் கிடைக்கும் என்றேன். 'அங்க எந்த எடத்துல நிக்கணும், யாரப் பாக்கணும்?' என்றார். அதைச் சொல்வதற்குள் புகைப்படக்காரர் அடுத்த ஆளை உட்காரச் சொல்லிவிட்டார்.

முகாம் முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது திவ்யாவும் அவள் தோழிகளும் வந்தார்கள். 'மேடம், நாங்களா ஞாயித்துக்கெழம வந்து அந்த அய்யாவக் கூட்டிட்டுப் போயி மாத்திரை வாங்கிக் குடுத்துரவா? காலேஜுக்குத் தெரிய வேணாம்' என்று கேட்டாள்.

நியாயமாகப் பார்த்தால் எனக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். நம்மைப் போலவே ஒரு கூட்டம் வந்து நிற்கிறது என்று பூரித்திருக்க வேண்டும். எனக்கு வந்தது எரிச்சல்தான். ஒரு மனிதருக்கு உருப்படியாக ஒரு காரியம் செய்ய, பிள்ளைகள் ஏன் திருடர்கள் மாதிரி ஞாயிற்றுக்கிழமை ஒளிந்து போக வேண்டும்? பாடத்திட்டத்தில் எழுதியிருக்கிற வேலைதானே அது? 'ஞாயித்துக்கெழம ஒண்ணும் வேணாம். வேலை நாள்ல போறோம்' என்று கத்திவிட்டேன். பாவம், பயந்துவிட்டார்கள்.

மறுநாள் முதல்வர் அறைக்குப் போனேன். இந்த செமஸ்டர் முழுக்க ஒரே தெரு, அதே வீடுகள், வாரம் ஒருமுறை என்று கேட்டேன். 'மேடம், ஒரே ஆளுங்களத் திரும்பத் திரும்பப் பாத்தா ரிப்போர்ட்ல என்ன காட்டுறது? புது ஆளுங்கதான கணக்கு' என்றார். நான் அந்தப் பெரியவரைப் பற்றிச் சொன்னேன். 'மாத்திரை நம்ம டிபார்ட்மெண்டு இல்லயே. நாம பிசியோ' என்றார்.

'அப்பறம் எதுக்கு சார் அவருக்குப் பிரஷர் பாத்தோம்?' என்று கேட்டேன். சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டதாம், எழுத்தர் பிறகு சொன்னார். அன்றைக்கு உன் கையைப் பிடித்து வெளியே இழுத்துவர நான் இருந்தேன். என்னை இழுத்துவர யாரும் இல்லை. அடுத்த முகாமுக்கு நான் வர மாட்டேன் என்றேன். மாணவர்களை அனுப்பவும் மாட்டேன், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாணவர்களில் ஒரு பிரிவு மட்டும், ஒரு தெரு மட்டும், இந்த செமஸ்டர் மட்டும், முகாம்களில் ஒன்றுகூடக் குறையக் கூடாது என்றார். பிச்சை போட்டதுபோல் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

இன்று மதியம் முதல்முறையாகப் போனோம். பேனர் இல்லை, பந்தல் இல்லை. திவ்யா அந்தப் பெரியவரின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் எட்டிப் பார்த்து, 'மறுபடியும் கூடன்னு சொல்ல வந்தீகளாக்கும்' என்றார்.

'இல்லய்யா, ஒங்களக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம். மாத்திரை வாங்கிட்டு நாங்களே கொண்டாந்து விட்டுருவோம்.'

'இன்னைக்கு எனக்குச் சோலி கெடக்கும்மா' என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவ்வளவுதான். இதற்காகத்தான் ஒரு வாரம் தூக்கமில்லாமல் மல்லுக்கு நின்றேன். திவ்யாவுக்கு அழுகை வந்துவிட்டது. 'நாம இவ்ளோ பண்றோம், அவருக்கு அக்கறையே இல்ல மேடம்' என்றாள். எத்தனையோ பேர் படம் எடுத்துக்கொண்டு திரும்பி வராமல் போன வீடு அது, நம்மை மட்டும் அவர் ஏன் நம்ப வேண்டும் என்று கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மற்ற வீடுகளுக்குப் போனோம். ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள், ஒரு வீட்டில் முழங்காலைக் காட்டினார்கள்.

உன் படத்துக்கு மாலை போட்ட அன்று எல்லோரும் உன் பொறுமையைப் பற்றிப் பேசினார்கள். எவ்வளவு பொறுமையாக வீடு வீடாகப் போவாள் என்று உன் கிளினிக் டாக்டர் சொன்னார்.  உனக்கு ஏதடி பொறுமை? ஒவ்வொரு வீட்டுப் படியிலும் நீ கொதித்துக்கொண்டேதான் ஏறினாய். கொதிப்பு அடங்கியிருந்தால் அடுத்த வாரம் போயிருக்கவே மாட்டாய். அதை நீ யாருக்கும் சொல்லித் தரவில்லை, எனக்கும்தான். ஆனாலும் எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது, கொஞ்சம்கூட ஆறாமல். ஆற்றிக்கொள்ளச் சொல்லி அம்மா சொல்கிறாள், முதல்வர் சொல்கிறார். நான் கேட்பதாக இல்லை.

வருகிற வியாழக்கிழமையும் அந்தக் கதவைத் தட்டுவோம். அன்றைக்கும் சோலி கிடக்கிறது என்பார். சொல்லட்டும்.